மலை உச்சியிலிருந்து ஹாம் ரேடியோ: சென்னை ஹாம்களுக்கான முழுமையான வழிகாட்டி

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிக்கும் ஹாம்கள், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களோடு பேசுபவர்கள் பலர், தங்கள் கருவியின் திறன் போதவில்லை என்று எண்ணி அதிக வாட் தரும் கருவியைத் தேடுகிறார்கள். உண்மையில் அவர்களுக்குத் தடையாக நிற்பது, அவர்களால் மற்றவர்களைக் கேட்க முடியாமல் இருப்பதுதான். எல்இடி விளக்குகள், இன்வெர்ட்டர்கள், மொபைல் சார்ஜர்கள், லிஃப்ட் மோட்டார்கள் ஆகியவை சேர்ந்து எழுப்பும் மின் இரைச்சலுக்கு அடியில், தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் புதைந்துபோகிறது. அதே ஹாம் ஐந்து வாட் கருவியோடு ஒரு மலையின் மேல் ஏறி அமர்ந்தால், இரைச்சல் அடங்கிய பேண்டில் (ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைத் தொகுப்பில்) முன்பு இல்லாதவையாகத் தோன்றிய நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் கருவி, ஆண்டெனா, இடம், நேரம் ஆகிய எல்லாவற்றையும், நன்றாகக் கேட்க உதவுகிறதா என்ற ஒரே கேள்வியை முன்வைத்தே தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

மலை உச்சி இயக்கத்துக்கென்று உலக அளவில் ஒரு திட்டம் இருக்கிறது. ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ என்னும் அந்தத் திட்டத்தைச் சுருக்கமாகச் சோட்டா என்பார்கள். அது 2002 மார்ச் 2 அன்று பிரிட்டனில் தொடங்கியது. உச்சியிலிருந்து இயக்குபவர் ‘ஆக்டிவேட்டர்’, அவரைத் தேடித் தொடர்பு கொள்பவர் ‘சேசர்’. கடைசிக் கட்ட ஏற்றத்தை மோட்டார் வாகனம் இல்லாமல் கடக்க வேண்டும். கருவிகளைக் குழுவினரே சுமந்து செல்ல வேண்டும். மின்சாரம் பேட்டரி, சூரியத் தகடு போன்றவற்றிலிருந்து வர வேண்டுமே தவிர, பெட்ரோல், டீசல் ஜெனரேட்டரிலிருந்து வரக்கூடாது. அமரும் இடம் உச்சியிலிருந்து செங்குத்தாகப் பெரும்பாலும் 25 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தரையிலுள்ள ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மீண்டும் அனுப்பும் நிலையம்) வழியாகக் கிடைத்த தொடர்புகள் கணக்கில் வராது. ஒரு தொடர்பு கிடைத்தாலே அந்த உச்சி இயக்கப்பட்டதாகக் கருதப்படும். புள்ளிகள் பெற நான்கு வெவ்வேறு நிலையங்களோடு பேச வேண்டும். நீங்கள் ஏறவிருக்கும் மலைக்குக் குறியீட்டு எண் உண்டா என்பதை அத்திட்டத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத மலையில் புள்ளிகள் கிடைக்காது என்றாலும், இங்கே சொல்லும் முறை எதுவும் அதனால் மாறப்போவதில்லை.

முதலில் உரிமம்

இந்தியாவில் ஹாம் உரிமத்தைத் தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள டபிள்யுபிசி (வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன்) பிரிவு வழங்குகிறது. ஜெனரல், ரெஸ்டிரிக்டட் என இரண்டு நிலைகள் உண்டு. பொதுவாக முதல் நிலையினருக்கு வியு2 என்றும் இரண்டாம் நிலையினருக்கு வியு3 என்றும் தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே சட்டப்படி தவறு என்பதால், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஹேண்டியை (கையடக்க ரேடியோவை) முதலில் வாங்கிவிட்டுத் தேர்வைப் பிறகு எழுதலாம் என்று நினைக்க வேண்டாம். உரிமம் பெற்றவர்களும், நிலையத்தைப் பதிவு செய்த முகவரிக்கு வெளியே இயக்குவது பற்றித் தங்கள் உரிமத்தில் உள்ள நிபந்தனைகளைப் புறப்படுவதற்கு முன் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும். முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியது இருந்தால் தெரிவித்துவிட வேண்டும். உரிமத்தின் நகலையும் அடையாள அட்டையையும் பையின் மேல் அறையில் வையுங்கள். ஆண்டெனாவோடு மலையில் அமர்ந்திருப்பவரைப் பார்த்து வனக்காவலருக்கோ ஊர்க்காரருக்கோ சந்தேகம் எழுவது இயல்பு. அப்போது எழுந்து நின்று, தாளைக் காட்டி, காதில் கேட்கும் குரலை அவர்களும் கேட்கும்படி ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்தால், பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் அவர்களே ஆர்வத்தோடு கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

மலையைத் தேர்ந்தெடுத்தல்

பரங்கிமலை நகருக்குள்ளேயே இருப்பதால் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் விமான நிலையமும் ராணுவப் பயிற்சி மையமும் அருகருகே இருக்கும் அவ்விடத்தில் ஆண்டெனா கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செஞ்சிக் கோட்டை போன்ற தொல்லியல் சின்னங்களில் முன் அனுமதி இல்லாமல் எதையும் நிறுவக்கூடாது. திருக்கழுக்குன்றம், திருத்தணி போன்ற கோயில் மலைகள் வழிபாட்டுக்கு வருபவர்களுக்கு உரியவை. முதல் பயணத்துக்கு நான் சொல்லும் இடம் ஏலகிரியின் சுவாமிமலை. அதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர். சென்னை சென்ட்ரலிலிருந்து ரயிலில் ஜோலார்பேட்டைக்குப் போய், அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் அத்தனாவூரை அடைந்து, அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் விடியலில் மலையடியிலுள்ள மங்களம் கிராமத்திலிருந்து நடக்கத் தொடங்கலாம். ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டமிட்டால் உச்சியை அடையும்போது வெயில் ஏறிவிடும். அந்த நேரத்தில் 40 மீட்டர் பேண்டும் (அலைநீளத்தால் பெயர் பெற்ற, 7 மெகாஹெர்ட்ஸ் பகுதி) தளர்ந்துவிடும்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ, சென்னையிலிருந்து சென்ற மலையேறிகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதன் பிறகு தமிழ்நாட்டு வனப்பகுதிகளில் மலையேற்றத்துக்கான விதிகள் இறுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் 40 பாதைகளுக்கு, வழிகாட்டியோடு முன்பதிவு செய்யும் வசதி வந்தது. நீங்கள் செல்லவிருக்கும் பாதை காப்புக்காட்டுக்குள் வருகிறதா, அந்தத் தேதியில் திறந்திருக்கிறதா என்பதை அத்தளத்திலும் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்திலும் உறுதி செய்யாமல் ரயில் சீட்டு எடுக்காதீர்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படும். ரேடியோ இயக்கத்துக்காக உச்சியில் ஓரிரு மணி நேரம் தங்க வேண்டும் என்பதையும் வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் வழக்கமாகப் புகைப்படம் எடுக்கும் நேரத்தை மட்டுமே கணக்கில் வைத்திருப்பார்கள்.

உயரம் எவ்வளவு தூரம் தரும்?

2 மீட்டர் பேண்டு அடங்கிய விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) அலைகளுக்கு ரேடியோ தொடுவானத்தை, அதாவது அலை நேராகச் சென்று சேரும் எல்லையை, கணக்கிட எளிய சூத்திரம் உண்டு. சுற்றுப்புறத்துக்கு மேல் உள்ள உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நின்று ஹேண்டியில் பேசுபவருக்கு இது சுமார் 5 கிலோமீட்டர். 15 மீட்டர் உயர மொட்டை மாடிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். சுவாமிமலைக்குக் கணக்கிடும்போது 1,300 என்ற எண்ணை அப்படியே போடக்கூடாது. அடிவாரச் சமவெளியே ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பயன்படும் உயரம் சுமார் 900 மீட்டர்தான். அதற்குரிய தொடுவானம் சுமார் 124 கிலோமீட்டர். எதிர்முனையில் மொட்டை மாடி ஆண்டெனா இருந்தால் அதன் 16 கிலோமீட்டரையும் சேர்த்து 140 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணை வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நேர்க்கோட்டில் கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர், வேலூர் 65, சேலம் 115, பெங்களூரு 120. இவை அனைத்தும் அந்த வட்டத்துக்குள் வருகின்றன. இடையில் வேறு மலை மறைக்கிறதா என்பதை மட்டும் நிலக்குறுக்குவெட்டு காட்டும் இணையக் கருவியில் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னையோ ஏறக்குறைய 185 கிலோமீட்டரில், வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. கிழக்கே ஜவ்வாது மலைத்தொடரும் எழுந்து நிற்கிறது. ஆகவே வீட்டிலிருக்கும் சென்னை நண்பர்களோடு பேச 2 மீட்டர் எஃப்எம்-ஐ நம்பாமல், 40 மீட்டர் பேண்டை வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தாக மேலே சென்று அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைக்கு ஜவ்வாது மலை ஒரு பொருட்டல்ல.

கருவியும் மின்சாரமும்

எஃப்எம் மட்டும் போதும் என்பவர்களுக்கு 5 வாட் ஹேண்டி ஒன்றே போதும். ஆனால் மலிவான ஹேண்டிகளில் ஒரு குறை உண்டு. அது உச்சியில்தான் வெளிப்படும். பல உச்சிகளில் செல்போன் கோபுரங்களும் காவல்துறை, வனத்துறை ரிப்பீட்டர்களும் இருக்கும். நேர்மாற்ற முறையில் (வரும் சிக்னலை இடைநிலை அலைவரிசை இன்றி நேரடியாக மாற்றும் முறையில்) வேலை செய்யும் மலிவான ஏற்பி (கருவியின் கேட்கும் பகுதி), அந்த வலுவான சிக்னல்களைத் தாங்க முடியாமல் செவிடாகிவிடும். சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டர் காலியாக இருக்கும். அழைப்பவர்கள் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். உங்களுக்கு ஒன்றும் கேட்காது. கீழே ரப்பர் ஆண்டெனாவோடு நன்றாகக் கேட்ட அதே ஹேண்டியில், மேலே நல்ல ஆண்டெனாவை மாட்டியதும் நிலைமை மோசமாகும். கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு பெரும் பாறை வருமாறு, அனுமதிக்கப்பட்ட 25 மீட்டர் உயர வரம்புக்குள் சற்றுக் கீழே இறங்கி அமர்வது முதல் தீர்வு. 2 மீட்டர் பேண்டை மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் ஃபில்டரை இடையில் மாட்டுவது இரண்டாவது. இரண்டுக்கும் மேலானது, சூப்பர்ஹெட் ஏற்பி (சிக்னலை இடைநிலை அலைவரிசைக்கு மாற்றி வடிகட்டும் வகை) கொண்ட பழைய ஹேண்டி ஒன்றை மூத்த ஹாம் ஒருவரிடமிருந்து வாங்கிக்கொள்வது; உங்கள் உரிமத்தின்படி அந்தக் கைமாற்றத்தை முறையாகச் செய்துகொள்ளுங்கள்.

40, 20 மீட்டர் போன்ற எச்எஃப் (உயர் அதிர்வெண்) பேண்டுகளுக்கு யேசு எஃப்டி-818, ஐகாம் ஐசி-705, எலகிராஃப்ட் கேஎக்ஸ்2 போன்றவை மலையேறிகளிடையே புகழ்பெற்றவை. அவற்றின் விலை பலருக்கு எட்டாது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகைக் கருவிகள் உலகெங்கும் ஹாம்கள் தாங்களே கட்டி இயக்கும் அளவுக்கு எளிமையானவை. அவற்றை உறுதியான பெட்டிக்குள் அடக்கினால் மலைக்கும் எடுத்துச் செல்லலாம். கையால் கட்டிய கருவியில் நான்கு தொடர்புகள் கிடைக்கும்போது வரும் நிறைவை, கடையில் வாங்கிய எந்தக் கருவியும் தருவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பேட்டரிக்கு நான்கு செல் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை ஏற்றது; 12.8 வோல்ட் தரும், எடை குறைவு. கேட்கும்போது 0.4 ஆம்பியரும் பேசும்போது 2 ஆம்பியரும் எடுக்கும் ஒரு கருவியை இரண்டு மணி நேரம் இயக்கி, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான நேரம் பேசினால், செலவு 1.8 ஆம்பியர்-மணி அளவுதான். மூன்று ஆம்பியர்-மணி பேட்டரி போதும். வோல்ட்டை உயர்த்தித் தரும் பவர் பேங்குகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் உள்ளேயிருக்கும் ஸ்விட்சிங் சுற்று, எந்த இரைச்சலிலிருந்து தப்பி மலைக்கு வந்தீர்களோ அதையே பைக்குள் வைத்துக் கொண்டுவரும். பேட்டரிக்கு மிக அருகில் 5 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும்.

ஆண்டெனா

உங்கள் நேரத்தையும் பணத்தையும் அதிகமாகச் செலவிட வேண்டிய இடம் இதுதான். அரை அலை டைபோலின் (நடுவில் கேபிள் இணைக்கும், இரு சம ஒயர்கள் கொண்ட ஆண்டெனாவின்) மொத்த நீளம் மீட்டரில், 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வரும்: 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.1 மீட்டர், 14.2-க்கு 10.1 மீட்டர். ஒயரின் மேலுள்ள பிவிசி உறை இதைச் சில விழுக்காடு குறைக்கும் என்பதால், முதலில் சூத்திரத்தின் நீளத்துக்கே வெட்டி, மொட்டை மாடியில் நானோவிஎன்ஏ என்னும் சிறு அளவுகருவி கொண்டு எஸ்டபிள்யுஆர் (ஆண்டெனா கருவியோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு) பார்த்து, இரு முனைகளிலும் சமமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

மலைக்கு என் பரிந்துரை, 20 மீட்டர் ஒயரின் ஒரு முனையில் ஒயரின் மின்மறுப்பைக் கேபிளுக்குப் பொருத்தும் 49-க்கு-1 டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஊட்டும் அரை அலை ஆண்டெனா. ஒரே ஒயர் 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகளில் வேலை செய்யும், நடுவில் கேபிள் தொங்காது, கம்பம் வளையாது. இதன் முனைகளில் மின்னழுத்தம் அதிகம், 5 வாட்டிலேயே நூறு வோல்ட்டைத் தாண்டும் என்பதால், வழிப்போக்கர்கள் தொடாதபடி பளிச்சென்ற நிறத் துணியைக் கட்டி வையுங்கள். நடுப்பகுதியை 6 மீட்டர் கண்ணாடியிழைக் கோலின் உச்சியில் தாங்கி, இருபுறமும் சரித்துக் கட்டினால் தலைகீழ் ‘வி’ வடிவம் வரும். இவ்வளவு தாழ்வான ஆண்டெனா 40 மீட்டரில் அலையை மேல்நோக்கி அனுப்பும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் முழுவதையும் தொட அதுவே வேண்டும். தூண்டில் விற்கும் கடைகளில் கோல் வாங்கும்போது கார்பன் இழைக் கோலை வாங்கிவிடாதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தி ஆண்டெனாவைக் கெடுக்கும்.

2 மீட்டருக்கு, ரிப்பன் கேபிளால் செய்து சுருட்டி வைக்கக்கூடிய ஜே-போல் என்னும் செங்குத்து ஆண்டெனா நல்லது. எஃப்எம் நிலையங்கள் செங்குத்து முனைவாக்கத்தில் (அலை மேலும் கீழுமாக அதிரும் வகையில்) இயங்குவதால் ஆண்டெனாவும் செங்குத்தாகவே தொங்க வேண்டும். கிடையாக வைத்தால் இழப்பு 20 டெசிபெல் அளவுக்குப் போகலாம். பெங்களூருவைக் குறிவைப்பவர்கள், எஃகு அளவுநாடாவை வெட்டிச் செய்யும் மூன்று உறுப்பு யாகி என்னும் திசை ஆண்டெனாவைச் செய்துகொள்ளலாம். மடக்கினால் பைக்குள் அடங்கும், விட்டால் தானே நிமிரும். இதன் மற்றொரு பயன், கோபுரம் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி அதன் தொல்லையைக் குறைக்கலாம் என்பது.

கேபிளில் கவனம் தேவை. மெல்லிய ஆர்ஜி-174 எடை குறைவு என்பதால் கவர்ச்சியானது. 14 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு ஒரு டெசிபெல் சொச்சம்தான் இழக்கும். 145 மெகாஹெர்ட்ஸில் அதே நீளம் மூன்றரை டெசிபெல் அளவுக்கு விழுங்கி, உங்கள் ஐந்து வாட்டில் பாதிக்கும் மேல் வெப்பமாக்கிவிடும்; வரும் சிக்னலையும் அதே அளவுக்குத் தேய்க்கும். விஎச்எஃப்-க்கு ஆர்ஜி-58-ஐ மூன்று மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கேபிள், பிஎன்சி இணைப்பிகள், ஃபியூஸ், ஒயர் எல்லாவற்றையும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

ஒத்திகை

புறப்படுவதற்கு முன் உங்கள் மொட்டை மாடியில், தரையில் அமர்ந்து, பையில் இருக்கும் பொருட்களை மட்டும் கொண்டு முழு நிலையத்தையும் எழுப்பி, ஒரு தொடர்பு செய்து, மீண்டும் மடித்து வையுங்கள். எந்த அடாப்டர் விடுபட்டது, எந்தக் கயிறு குட்டை என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு ஏற்கெனவே கருவிகளோடு போர்ட் பிளேரில் இருந்ததால்தான், அந்தமானின் தகவல் தொடர்பு அறுந்த நாட்களில் அவர்களால் உடனே செய்திகளை அனுப்ப முடிந்தது. பெயர்த்து எடுத்துச் சென்று எழுப்பக்கூடிய நிலையத்தின் பயன் பொழுதுபோக்கைத் தாண்டியது என்று நான் நம்புவதற்கு அந்த நிகழ்வும் ஒரு காரணம்.

காலமும் பாதுகாப்பும்

டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை சிறந்த காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கோடையில் பிற்பகல் இடி. மின்னல்தான் இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பெரிய ஆபத்து. இடியோசை காதில் விழுந்தாலே நீங்கள் மின்னலின் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று பொருள். யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் சொல்லிவிட்டு, கேபிளைக் கழற்றி, கோலை இறக்கி, உச்சியைவிட்டு இறங்க வேண்டும். நான்காவது தொடர்புக்காக ஐந்து நிமிடம் காத்திருக்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை.

தனியாகப் போகாதீர்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, முதலுதவிப் பொருட்கள், தலைவிளக்கு கட்டாயம். திரும்பும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். குரங்குகள் இருக்கும் இடத்தில் உணவை வெளியே வைக்காதீர்கள். தின்பண்டத்தைத் தேடிப் பையையே இழுத்துச் செல்லும், பையில் கருவியும் இருக்கும்.

உச்சியில்

ஏறியவுடன் ஆண்டெனாவை விரிக்காமல் பத்து நிமிடம் இளைப்பாறி, தண்ணீர் குடித்து, இடத்தைச் சுற்றிப் பாருங்கள். நடப்பவர்கள் வரும் வழி எது, காற்று எங்கிருந்து வீசுகிறது, கோபுரம் எந்தத் திசையில் என்பதைப் பார்த்து அமருமிடத்தை முடிவு செய்யுங்கள். வழிபாட்டுச் சின்னம் இருந்தால் அதன் கொடிக்கம்பத்திலோ சூலத்திலோ கயிறு கட்டக்கூடாது. பாறையில் முளை அடிக்க முடியாத இடங்களில் கற்களைச் சுற்றிக் கயிறு கட்டிக் கோலை மூன்று பக்கம் இழுத்து நிறுத்தலாம். காற்றுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தால் மைக்கில் காற்றிரைச்சல் புகாது.

பிறகு கேளுங்கள். ஐந்து நிமிடம் பேண்டைச் சுற்றி வந்து எங்கே யார் இருக்கிறார்கள் என்று அறிந்துகொண்ட பிறகே அலைவரிசையைத் தேர்ந்தெடுத்து, ‘இந்த அலைவரிசை பயன்பாட்டில் உள்ளதா’ என்று இருமுறை கேட்டு, பதில் இல்லையென்றால் அழைக்கத் தொடங்குங்கள். செல்போன் சிக்னல் இருந்தால் சேசர்கள் பார்க்கும் சோட்டாவாட்ச் தளத்தில் உங்கள் அலைவரிசையைப் பதிவிடுங்கள். சென்னை ஹாம் நண்பர்களின் குழுவுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். மோர்ஸ் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: முன்பே அறிவிப்பு பதிந்துவைத்திருந்தால், அவர்களின் அழைப்பை உலகெங்கும் உள்ள தானியங்கி ஏற்பிகள் கேட்டுத் தாமாகவே பட்டியலில் இட்டுவிடும்.

காலை எட்டு மணி வாக்கில் 40 மீட்டரில் தொடங்குவது நல்லது. நம் தீபகற்பத்தில் நண்பகல் சூரியன் வானில் உயரத்தில் நிற்பதால், அயனி மண்டலத்தின் கீழடுக்கு இந்தப் பேண்டின் அலைகளை உறிஞ்சிவிடும். பத்து மணிக்குப் பிறகு குரல்கள் தேயத் தொடங்கும். அப்போது 15, 10 மீட்டருக்கு மாறினால் காலையில் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும், பிற்பகலில் ஐரோப்பாவும் கிடைக்க வாய்ப்புண்டு. நடுநடுவே 145.500 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம் அழைப்பு விடுங்கள். எஃப்எம்-இல் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவானவரின் குரல் மட்டுமே கேட்கும். ஒருவரையொருவர் கேட்க முடியாத பல ஊர்க்காரர்கள் உயரத்தில் இருக்கும் உங்களை ஒன்றாக அழைப்பார்கள் என்பதால், ‘இப்போது சேலம் மட்டும்’, ‘அடுத்து ஹேண்டியில் பேசுபவர்கள்’ என்று பிரித்து அழையுங்கள். மெல்லிய குரலுக்கு முதலிடம் கொடுங்கள். வலுவான நிலையம் பத்து நிமிடம் கழித்தும் அங்கேயே இருக்கும்.

ஒவ்வொரு தொடர்பிலும் அழைப்புக்குறி, சிக்னல் அறிக்கை, உச்சியின் குறியீடு மூன்றும் தெளிவாகப் பரிமாறப்பட வேண்டும். தமிழ் பேசும் நிலையங்களோடு தமிழிலேயே பேசலாம். அழைப்புக்குறியை மட்டும் சர்வதேச ஒலிப்பு எழுத்துகளில் (ஆல்ஃபா, பிராவோ என்பதுபோல) சொல்லுங்கள். லாக்கை, அதாவது தொடர்புகளின் பதிவை, தாளில் பென்சிலால் எழுதுவது நல்லது: பனியில் பேனா மை பரவும், வெயிலில் செல்போன் திரை தெரியாது. நேரம், அலைவரிசை, முறை, இரு அறிக்கைகள் ஆகியவற்றோடு, மெல்லிதாகக் கேட்டும் தொடர்பு முடியாமல் போனவர்களையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆண்டெனாவை எந்தத் திசைக்கு விரிப்பது என்பதை அந்தக் குறிப்புதான் சொல்லும்.

இறங்கிய பிறகு

ஒயரைக் கையில் வளையமாகச் சுற்றாமல் எட்டு வடிவத்தில் சுற்றினால் அடுத்த முறை சிக்காது. கயிற்றுத் துண்டு, டேப் உட்பட எதையும் உச்சியில் விட்டுவராதீர்கள். வீடு திரும்பியதும் இணைப்பிகளின் ஈரத்தைத் துடைத்து, பேட்டரியைப் பாதி சார்ஜில் வையுங்கள்.

லாக்கை அன்றோ மறுநாளோ சோட்டா தரவுத்தளத்தில் ஏற்றிவிடுங்கள். உங்களோடு பேசிய சேசர்கள் அதைக்கொண்டே தங்கள் பதிவைச் சரிபார்ப்பார்கள். நேரத்தை யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) தர வேண்டும்: நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால், காலை 8.30 மணி 03.00 ஆகும். விடியற்காலை 5.30-க்கு முன் கிடைத்த தொடர்புகளுக்கு யுடிசி-யில் முந்தைய நாளின் தேதி வரும். கூடாரமிட்டு இரவு தங்கி இயக்குபவர்கள் இதைத் தனியாகச் சரிபார்த்த பிறகே பதிவேற்ற வேண்டும்.